சின்னப் பிள்ளைகளோடு தீம் பார்க்: எந்தப் பூங்கா, எந்த டிக்கெட், எவ்வளவு நேரம்?

தீம் பார்க் போகலாம் என்று வீட்டில் முடிவானதும் முதலில் நடக்கும் தேடல், எந்தப் பூங்காவில் ரைடு அதிகம் என்பதுதான். ஐம்பது ரைடு இருக்கும் இடம் முப்பது ரைடு இருக்கும் இடத்தைவிட மேல் என்று தோன்றும். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவர்களுக்கு வேண்டியவை இரண்டு எண்கள்: பிள்ளையின் உயரம் எத்தனை சென்டிமீட்டர், மதியம் எத்தனை மணிக்குத் தூக்கம் வரும். இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தால் பாதிப் பூங்காக்கள் தாமாகவே கழன்றுவிடும்.

முதலில் அளவுநாடா

வெறுங்காலோடு, குதிகால் சுவரைத் தொட நிற்கவைத்து, தலைமேல் ஒரு கெட்டி அட்டையைப் படுக்கையாக வைத்து அளந்துகொள்ளுங்கள். பூங்காக்கள் கோடு போடும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்: 90, 100, 105 அல்லது 110, 120, 140. அங்குலக் கணக்கில் போகும் பூங்காக்களில் 38, 40, 44, 48 என்று இருக்கும். அதாவது சுமார் 97, 102, 112, 122 செ.மீ. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நடுத்தர உயரம் 3 வயதில் 95–96 செ.மீ., 4 வயதில் 103, 5 வயதில் 110, 7 வயதில் 121. ஆக, 120 செ.மீ. கோட்டைத் தாண்டவே ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய ஏழு வயது ஆகிவிடும்.

வாசலில் நிற்கும் பணியாளர் ஒரு சென்டிமீட்டருக்காகத் திருப்பி அனுப்பும்போது பெற்றோருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கோட்டுக்குக் காரணம் இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் மடிமேல் இறங்கும் தண்டு ஒன்றுதான் என்று வையுங்கள். அது அப்பாவின் தொடையில் முட்டியதும் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் நாலு வயசுப் பிள்ளையின் தொடைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழும். வண்டி மேட்டைத் தாண்டி இறங்கும் நொடியில் உடம்பு இருக்கையைவிட்டு எழும்பும். அப்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்ள அந்த ஒரு சாண் இடத்தில் எதுவும் இல்லை. செருப்புக்குள் அட்டை வைத்து உயரம் கூட்டி ஏற்றிவிடுவதைச் சாமர்த்தியம் என்று நினைப்பவர்கள் இந்த இடைவெளியை ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும்.

அடுத்த வேலை எண்ணிக்கை. பூங்காவின் இணையதளத்தில் ரைடு பட்டியலைத் திறந்து, உங்கள் பிள்ளையின் உயரத்துக்கு எத்தனை ரைடு தனியாக, எத்தனை பெரியவர் துணையோடு, எத்தனை கிடையவே கிடையாது என்று மூன்றாகப் பிரியுங்கள். சில சிறுவர் ரைடுகளுக்கு அதிகபட்ச உயரமும் உண்டு. பெரியவர் ஏற முடியாது, பிள்ளை தனியாகத்தான் உட்கார வேண்டும். இரண்டரை வயசுக் குழந்தை அதற்குச் சம்மதிக்காது என்றால் அந்த ரைடையும் அடித்துவிடுங்கள். 98 செ.மீ. பிள்ளைக்கு ஐம்பது ரைடு பூங்காவில் எட்டு மிஞ்சி, முப்பது ரைடு பூங்காவில் பதினெட்டு மிஞ்சினால் பேச்சு அங்கேயே முடிந்தது.

கோட்டின் ஓரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: நாள் முழுக்க நின்று நடந்தால் உயரம் மாலைக்குள் கொஞ்சம் குறையும். சந்தேகமான ரைடைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வாசலருகே ஒரேமுறை அளந்து கையில் வண்ணப்பட்டை கட்டிவிடும் வசதி இருந்தால் விடாதீர்கள். ஒவ்வொரு ரைடிலும் வாக்குவாதம் செய்யும் வேலை மிச்சமாகும். அளந்து முடியும்வரை பிள்ளையிடம் எதையும் வாக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

பெரிய ரைடு பூங்காவா, சிறுவர் பூங்காவா?

சிறுவர் பூங்கா என்பது 2 முதல் 12 வயது வரையுள்ளவர்களை மனத்தில் வைத்துக் கட்டியது. 1968-இல் டென்மார்க்கின் பில்லுண்டில் திறந்த லெகோலேண்ட் இதற்கு நல்ல உதாரணம். நெதர்லாந்தின் எஃப்டெலிங் 1952-இல் ஒரு தேவதைக் கதைக் காடாகத்தான் தொடங்கியது. நடந்துகொண்டே பார்த்துப் போகிற காட்சிகளுக்கு உயரக் கட்டுப்பாடு கிடையாது. இந்த வகைப் பூங்காக்களில் பிள்ளைக்குக் கிடைக்கும் ரைடு அதிகம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடை குறைவு, கழிப்பறையும் பக்கத்தில். பெரிய ரோலர் கோஸ்டர் பூங்காவிலோ ஒரு நாளில் 10 கி.மீ.-க்கு மேல் நடந்துவிடுவது சாதாரணம். அதில் பாதித் தூரம் பிள்ளை உங்கள் இடுப்பில் இருக்கும்.

சிறுவர் பூங்காவின் பலவீனம் வரிசை. இது பலர் எதிர்பார்க்காதது. ஒரு பெரிய கோஸ்டரில் 24 பேர் ஏறும் ரயில் 90 நொடிக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 960 பேர் போய்விடுவார்கள். ஒரு குட்டி விமான ராட்டினத்தைப் பாருங்கள்: 12 இருக்கை, சுற்றுவது 2 நிமிடம், ஏற்றி இறக்க 3 நிமிடம். இந்த விமானம்தான் வேண்டும் என்று ஒரு பிள்ளை அழும், பெல்ட் போட இன்னொன்று மறுக்கும், மூன்றாவது இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும். அந்த 3 நிமிடம் அப்படித்தான் போகிறது. ஆக, 5 நிமிடத்துக்கு 12 பேர், மணிக்கு 144 பேர். முன்னால் 60 பிள்ளைகள் நின்றால் 25 நிமிடம் காத்திருக்க வேண்டும். வரிசை பார்க்கச் சின்னதாக இருக்கிறதே என்று போய் நிற்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இந்தக் கணக்கை நீங்களே போடலாம். வரிசையில் சேரும் முன் ஒரு சுற்றை மட்டும் கவனியுங்கள்: எத்தனை பேர் ஏறினார்கள், கதவு திறந்து மறுபடி திறக்க எத்தனை நிமிடம் ஆனது. முன்னால் நிற்பவர்களை ஏறியவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, நிமிடத்தால் பெருக்கினால் காத்திருப்பு நேரம் வந்துவிடும். நாலு வயசுப் பிள்ளையின் பொறுமை 15 நிமிடம், மிஞ்சிப்போனால் 20. அதற்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள்.

அப்படியானால் பெரிய பூங்காவுக்கு யார் போகலாம்? வீட்டில் மூன்று வயதும் பத்து வயதும் சேர்ந்து இருப்பவர்கள். சிறுவர் பூங்காவில் பத்து வயசுக்காரருக்குப் பதினொரு மணிக்கே சலித்துவிடும். பெரிய பூங்காக்கள் பலவற்றில் பெற்றோர் மாறிக்கொள்ளும் முறை உண்டு: அப்பா பெரியவனோடு வரிசையில் நின்று போய்வருவார், அம்மா சின்னவளோடு வெளியே இருப்பார், அப்பா இறங்கியதும் அம்மா முழு வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம். பல இடங்களில் பெரியவன் அம்மாவோடு இரண்டாம் முறையும் போகலாம் என்பது அவனுக்கு உபரி லாபம். இதை வரிசை தொடங்கும் இடத்திலேயே பணியாளரிடம் சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும். ரைடிலிருந்து இறங்கிய பிறகு போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

இந்தப் பூங்காக்களில் காலை முதல் ஒரு மணி நேரம் இன்னொரு விதத்திலும் கை கொடுக்கும். திறந்தவுடன் கூட்டம் பெரிய கோஸ்டரை நோக்கி ஓடும். சிறுவர் பகுதி காலியாகக் கிடக்கும். வாசல் திறக்க 30–40 நிமிடம் முன்பே போய், பை சோதனையை முடித்துவிட்டு, நேராகச் சிறுவர் பகுதிக்கு நடப்பதே சரி. ஒரே எச்சரிக்கை: சில பூங்காக்களில் சிறுவர் பகுதி மட்டும் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும். முந்தின நாளே நேர அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

உயரக் கட்டுப்பாடு இல்லை என்றால் பயமில்லை என்று அர்த்தமில்லை. இருட்டுக்குள் போகும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் உயரக்கோடு கிடையாது. ஆனால் மூன்று வயசுப் பிள்ளையை அதிகம் மிரட்டுவது அந்த இருட்டும் திடீர்ச் சத்தமும்தான். முகமூடி போட்ட பொம்மை வேடக்காரர்களும் அப்படியே. முதலில் வெளிச்சத்தில் நாலாப்பக்கமும் தெரியும் குடை ராட்டினம், பிறகு மெதுவான ரயில், அதன் பிறகு இருட்டு என்று வரிசைப்படுத்துங்கள். முதல் ரைடிலேயே அழுத பிள்ளை அன்றைக்கு மறுபடி எதிலும் ஏறாது.

தண்ணீர்ப் பூங்கா

வெயில் காலத்தில் எல்லோருக்கும் பிடித்த தேர்வு இது. சின்னப் பிள்ளைகளுக்கு வரிசைத் தொல்லையும் குறைவு; முழங்கால் அளவு தண்ணீரும் இரண்டு குட்டிச் சறுக்குகளும் இருந்தால் மூன்று மணி நேரம் ஓடிவிடும். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நீந்தத் தெரியாத பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவர் இருக்கிறாரா? இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே ஆள் என்றால் இந்த வருஷம் வேண்டாம். உயிர்காப்பாளர் இருக்கிறாரே என்பது பதிலாகாது. தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, கையை வீசிக் கூப்பிடாது. சத்தமே இல்லாமல் சில பத்து நொடிகளில் முடிந்துவிடும். பிள்ளை கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், போன் லாக்கரில் இருக்க வேண்டும்.

அலைக்குளத்தில் அலை தொடங்கும் மணி அடித்ததும் சின்னப் பிள்ளைகளைக் கணுக்கால் ஆழத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பெரியவரை அலை அவ்வளவாக அசைக்காது. அதே அலை பிள்ளையின் காலைத் தூக்கிவிடும், கீழே போனதும் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள் மேலே மூடிக்கொள்ளும். கையில் மாட்டும் காற்றுப்பட்டையும் இடுப்பு வளையமும் விளையாட்டுப் பொருள்கள். கழன்றும் போகும், காற்றும் இறங்கும். பூங்காவில் தரும் லைஃப் ஜாக்கெட்டை எடை பார்த்து வாங்கி, கொக்கி போட்ட பிறகு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது மட்டும் தாடைவரை ஏறி வந்தால் அளவு பெரிது.

உடையின் நிறமும் கணக்கில் வரும். நீலமும் வெள்ளையும் குளத்துத் தரையோடு கலந்து மறைந்துவிடும். பளீரென்ற ஆரஞ்சு, பச்சை, மஞ்சள் தண்ணீருக்கடியிலும் தெரியும். பருத்தி உடைக்குப் பல பூங்காக்களில் அனுமதி இல்லை. அது தண்ணீரைக் குடித்துக் கனக்கும், நூல் பிரிந்து வடிகட்டியில் அடைக்கும். நைலான் அல்லது லைக்ரா உடையை வீட்டிலிருந்தே எடுத்துப் போவது வாடகைக்கு எடுப்பதைவிட நல்லது.

நீச்சல் டயபர் கெட்டியான மலத்தை ஓரளவு தடுக்கும், சிறுநீரைத் தடுக்காது. மணிக்கு ஒருமுறை குளத்தருகே அல்லாமல் கழிப்பறையில் மாற்றுங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி முறையாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் ஏழு நாளுக்கு மேல் பிழைத்திருக்கும். குளத்துத் தண்ணீர் ஒரு மடக்கு உள்ளே போனாலே தொற்றிக்கொள்ளலாம். உதடு நீலமாகி, தாடை நடுங்கினால் உடனே வெளியே எடுத்துத் துவட்டுங்கள். சின்ன உடம்பு பெரியவரின் உடம்பைவிட வேகமாகச் சூடிழக்கும். அரை மணிக்கு ஒருமுறை கரையேற்றுவது நல்ல பழக்கம்.

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், வெயிலுக்குப் போகக் கால்மணி நேரம் முன்பு, பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை, தண்ணீரிலிருந்து ஏறித் துடைத்த பிறகு மறுபடி. காது மடலும் பாதத்தின் மேல்புறமும் எப்போதும் விட்டுப்போகும் இடங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பூச்சைவிட நிழலே சரி. உண்மையில் அந்த வயதில் தண்ணீர்ப் பூங்காவே தேவையில்லை.

ரைடும் தண்ணீரும் ஒரே வளாகத்தில் இருந்தால் ரைடு முதலில், தண்ணீர் பிறகு. தலைகீழாகச் செய்தால் ஈரத் தலையோடு வரிசையில் நிற்பீர்கள். தண்ணீரைவிட்டு வர மறுக்கும் பிள்ளையோடு மல்லுக்கட்டுவதும் சேர்ந்துகொள்ளும்.

டிக்கெட்: மொத்தமா, ரைடுக்கு ஒன்றா?

ஒருமுறை காசு கட்டிக் கையில் கட்டிக்கொள்ளும், எல்லா ரைடும் அடங்கிய கைப்பட்டை ஒரு வகை. நுழைவு தனி, ரைடு தனி என்பது இன்னொரு வகை. 1843-இல் தொடங்கிய கோபன்ஹேகனின் டிவோலி இன்றும் இரண்டையும் வைத்திருக்கிறது; அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள நோபெல்ஸ் பூங்காவில் நுழைவே இலவசம், ஏறும் ரைடுக்கு மட்டும் காசு. 90 செ.மீ.-க்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு இரண்டாவது வகை ஏறக்குறைய எப்போதும் லாபம். கைப்பட்டை விலையை ஒரு ரைடின் விலையால் வகுங்கள். வருகிற எண், மேலே நீங்கள் எண்ணிவைத்த ரைடுகளைவிடப் பெரிதாக இருந்தால் கைப்பட்டை வேண்டாம். துணையாக ஏறும் பெரியவருக்கும் டிக்கெட் உண்டா என்று கேட்க மறக்காதீர்கள்; கணக்கு கவிழ்வது அங்கேதான்.

இலவச வயது பூங்காவுக்குப் பூங்கா மாறும். சில இடத்தில் வயது, சில இடத்தில் உயரம். வயது என்றால் பிறந்த தேதி உள்ள ஒரு சான்றின் படம் போனில் இருக்கட்டும்.

வரிசையைத் தாண்டும் விரைவு டிக்கெட்டைப் பற்றி ஒரே வரி: சிறுவர் ரைடுகள் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். பெரும்பாலும் இருக்காது.

முழு நாளா, இரண்டு அரை நாளா?

மதியம் தூங்கும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு முழு நாள் என்பது காகிதத்தில் மட்டும்தான். காலை ஒன்பதரைக்கு நுழைந்தால் ஒரு மணிக்குள் பிள்ளையின் தெம்பு தீர்ந்துவிடும். அதன் பிறகு மூன்று வழிகள். ஒன்று, ஒரு மணிக்கே கிளம்பிவிடுவது. வீடோ விடுதியோ அரை மணித் தொலைவில் இருந்தால் இரண்டாவது வழி: மறுநுழைவு முத்திரை வாங்கிக்கொண்டு போய்த் தூங்கவைத்து, நாலு மணிக்குத் திரும்புவது. வெயில் தணிந்த நேரம், காலையில் வந்த கூட்டமும் கிளம்பத் தொடங்கியிருக்கும். மூன்றாவது, உள்ளேயே தள்ளுவண்டியில் தூங்கவைப்பது.

மூன்றாவது வழிக்கு எந்தத் தள்ளுவண்டி என்பதே முக்கியம். பூங்காவில் வாடகைக்குத் தரும் வண்டிகள் பெரும்பாலும் கெட்டிப் பிளாஸ்டிக். பின்பக்கம் சாயாது, கூரையும் சின்னது. பிள்ளையின் தலை தொங்கும், பத்து நிமிடத்தில் விழித்து அழும். வாசலைத் தாண்டி கார் நிறுத்தும் இடம்வரை அதைக் கொண்டுபோகவும் பெரும்பாலும் விடமாட்டார்கள், அதாவது பிள்ளை தூங்கிவிட்ட அந்தக் கடைசித் தூரத்தில் தள்ளுவண்டி உங்களிடம் இருக்காது. சொந்த வண்டி, சாய்கிற வகையாக இருந்தால், எடுத்துப் போகும் சிரமத்துக்குத் தகும். வீட்டில் வண்டியை விட்டுவிட்ட நாலரை, ஐந்து வயசுப் பிள்ளைக்கும் அன்றைக்கு ஒன்று வேண்டும். கைப்பிடியில் ஒரு வண்ணத்துணி கட்டுங்கள். ரைடு வாசலில் விட்ட வண்டியைப் பணியாளர்கள் நகர்த்தி வரிசைப்படுத்துவார்கள், ஐம்பது கருப்பு வண்டிகளுக்குள் தேட வேண்டிவரும். பர்ஸும் போனும் அதில் இருக்கக் கூடாது. தூங்கும் பிள்ளைக்கு நிழல் வேண்டுமென்று வண்டியைத் துணியால் முழுக்க மூடிவிடாதீர்கள், உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும்.

நாள், வானிலை, ஆள் கணக்கு

பள்ளி திறந்திருக்கும் வார நாளே எப்போதும் முதல் தேர்வு. மழை வரும்போல் இருக்கும் நாளைப் பலர் தவிர்ப்பார்கள்; தூறல் மட்டும் என்றால் அது வரிசை குறைந்த நல்ல நாள். இடி வேறு. இடி கேட்டால் வெளிப்புற ரைடுகளையும் குளங்களையும் நிறுத்திவிடுவார்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் திறக்காமல் இருப்பதும் வழக்கம். பலத்த காற்றில் ராட்சத ராட்டினம் ஓடாது. மழையால் ரைடு நின்றதற்குப் பணம் திருப்பித் தருவது அரிது, எனவே தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட் கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் எடுக்கலாம்.

ஒரு பெரியவர், இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று போகும்போது மாட்டிக்கொள்ளும் இடம் இருக்கை. பல ரைடுகளில் ஒரு வரிசைக்கு இரண்டே இருக்கை, இரண்டு பிள்ளைக்கும் துணை கட்டாயம் என்றால் யாருமே ஏற முடியாது. கர்ப்பிணிகளை அசைவு அதிகமுள்ள ரைடுகளில் ஏற்றமாட்டார்கள் என்பதால் அந்த வீட்டில் துணைக்கு உண்மையில் ஒருவர்தான். தாத்தா, பாட்டியைக் கூட்டிப்போவதாக இருந்தால் அவர்கள் எந்த ரைடில் துணை ஏறுவார்கள் என்று முன்பே பேசிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே முடித்துவிடுங்கள். பன்னிரண்டரைக்கு மேல் உணவக வரிசை ரைடு வரிசையைவிட நீளம். சாப்பிட்ட கையோடு சுற்றும் ரைடு வேண்டாம். சுழலும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும், குமட்டல் அதில் வருவது. இது இரண்டு வயதுக்குக் கீழ் அரிது, ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை அதிகம். ஆகவே கவலைப்பட வேண்டியது பெரியவனைப் பற்றி.

உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் முழு உருவமாக ஒரு படம் எடுங்கள். தொலைந்துவிட்டால் அன்றைக்கு என்ன உடை என்பது பதற்றத்தில் நினைவுக்கு வராது. உங்கள் கைபேசி எண்ணைப் பிள்ளையின் கையில் எழுதி, மேலே ஒட்டும் பிளாஸ்திரி போட்டால் தண்ணீரிலும் அழியாது. பெயரை வெளியே தெரிய எழுத வேண்டாம். சட்டையில் பூங்கா அடையாள அட்டை குத்தியிருப்பவர் எப்படி இருப்பார் என்று வாசலிலேயே ஒருவரைக் காட்டிவைத்துவிடுங்கள்.

இரவு வாணவேடிக்கை வரை இருப்பதா என்பது கடைசித் தேர்வு. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் அது முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே நகருங்கள், அல்லது வாசலருகே இருந்து பாருங்கள். முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே வாசலுக்கு வரும், தள்ளுவண்டி அதில் நகராது. சத்தத்துக்குக் காதுமூடி எடுத்துவைத்திருங்கள். கடைசிக் கழிப்பறையில் பல் தேய்த்து, இரவு உடையும் புது டயபரும் போட்டுவிட்டால், வண்டியில் தூங்கிப்போன பிள்ளையை வீட்டில் எழுப்பாமல் அப்படியே படுக்கையில் கிடத்தலாம்.